உடையாத ஷாஃப்ட்தான் நல்ல ஷாஃப்டா?

மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. கனமான களிமண் நிலம். அதில் உருளைக்கிழங்கு அறுவடை இயந்திரம் ஓடுது. டிராக்டர்ல இருந்து அந்த இயந்திரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் அடிக்கடி போயிடுது. நீங்கதான் டிசைன் இன்ஜினியர். என்ன பண்ணுவீங்க?

நம்மில் பெரும்பாலானவர்கள் என்ன செய்வோம் என்று சொல்லவே வேண்டாம். பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் திறப்போம். டார்க் கண்டுபிடிப்போம். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி போடுவோம். வருகிற விட்டத்தை அடுத்த ஸ்டாண்டர்ட் சைஸுக்கு ரவுண்ட் பண்ணி, கீழே இரண்டு கோடு போட்டு, பேப்பரைக் கொடுத்துட்டு வந்துடுவோம். பதினாறு மார்க் கேள்வியா இருந்தா பதினைந்தாவது கிடைக்கும்.

வயலில் அந்தப் பதிலுக்கு பாஸ் மார்க்கூட கிடைக்காது என்பதுதான் என் வாதம். ஷாஃப்டின் தடிமன் கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மண்ணைப் பாருங்க

உருளைக்கிழங்கு என்றதும் நமக்கு ஊட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் நீலகிரியின் சரிவான சின்னச் சின்னப் பாத்திகளில் பெரிய அறுவடை இயந்திரத்துக்கு வேலை குறைவு. இந்தப் பிரச்சினையை அதன் முழு வீச்சில் பார்க்க வேண்டுமானால் நெதர்லாந்துக்குப் போகணும். அங்கே ஃபிளேவோலாந்து என்று ஒரு மாகாணம். ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். 1932-ல் பெரிய அணை கட்டிக் கடலை மூடினார்கள். பிறகு 1942, 1957, 1968 என்று பகுதி பகுதியாகத் தண்ணீரை இறைத்து நிலமாக்கினார்கள். அதனால் அங்கே நிறைய வயல்களில் இருப்பது பழைய கடலடிக் களிமண். விளைச்சலுக்கு அருமையான மண். இயந்திரத்துக்கு எமன்.

ஏன் எமன்? களிமண்ணுக்கு இரண்டு முகம் உண்டு. சிவில் நண்பர்களுக்கு அட்டர்பெர்க் லிமிட் தெரிந்திருக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் களிமண் மாவு மாதிரி பிசையக்கூடியதாகி, தொட்டதில் எல்லாம் ஒட்டும். ஈரம் குறைந்தால் கல் மாதிரி கட்டியாகும். இரண்டுக்கும் நடுவில், மண் பொலபொலவென்று உதிரும் நாட்கள் ரொம்பக் குறைவு. அறுவடையோ செப்டம்பர், அக்டோபரில். மழை வேற வந்துடும். 2023 இலையுதிர் காலத்தில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் மழை விடாமல் பெய்ததில், பல வயல்களில் கிழங்கை எடுக்கவே முடியாமல் குளிர்காலம் வரை மண்ணுக்குள் விட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வருஷத்தில் மழை விடும் இரண்டு நாள் இடைவெளியில் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுத்தாக வேண்டும். அந்த இரண்டு நாளில் ஷாஃப்ட் போனால் போனது ஷாஃப்ட் மட்டும் இல்லை, பயிரும்தான்.

இப்ப லோடு எவ்வளவு என்று பார்ப்போம். இயந்திரத்தின் முன்னால் இருக்கும் கொழு, கிழங்கு இருக்கும் வரப்பை அப்படியே அடியோடு தூக்கி, கம்பிகளாலான ஒரு சங்கிலிச் சல்லடை மேல் போடுகிறது. மண் கம்பிகளுக்கு இடையே கீழே விழ, கிழங்கு மட்டும் மேலே போகும். இதுதான் ஐடியா. அங்கே வரப்புக்கு வரப்பு 75 செ.மீ. இடைவெளி. வரப்பின் குறுக்குவெட்டு சுமார் 0.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. இரண்டு வரப்பை ஒரே நேரத்தில் எடுக்கும் இயந்திரம் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு நொடிக்கு 0.22 கன மீட்டர் மண் ஏறும். எடையில் கிட்டத்தட்ட 300 கிலோ. ஒவ்வொரு நொடிக்கும்! உலர்ந்த மணல் என்றால் சல்லடையின் முதல் இரண்டு மீட்டரிலேயே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். ஈரக் களிமண் உதிராது. கம்பியில் ஒட்டி, உருளைகளில் சுற்றி, கடைசி வரை பயணம் போகும். அந்த எடையை இழுக்கிற டார்க் எல்லாம் ஒரே ஒரு ஷாஃப்ட் வழியாகத்தான் வர வேண்டும்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

இயந்திரத்துக்கு 60 கிலோவாட் தேவை என்று வைப்போம். டிராக்டரின் பி.டி.ஓ. பொதுவாக நிமிஷத்துக்கு 540 சுற்று அல்லது 1000 சுற்று. 540-ல் டார்க் 1061 நியூட்டன்-மீட்டர். 1000-ல் அதே பவருக்கு 573 போதும். ஸ்டாண்டர்டுபடி 540-க்கு 35 மி.மீ. விட்டம், 6 ஸ்ப்ளைன். 1000-க்குப் பெரிய இயந்திரங்களில் 45 மி.மீ., 20 ஸ்ப்ளைன்.

இதைத் திடமான உருளை ஷாஃப்டாக நினைத்து, நமக்கு மனப்பாடமான பதினாறு டி பை பை டி கியூப் ஃபார்முலாவில் போட்டால், 35 மி.மீ. ஷாஃப்டில் ஷியர் ஸ்ட்ரெஸ் 126 மெகாபாஸ்கல். ஸ்ப்ளைன் பள்ளத்தின் அடி விட்டம் 30 மி.மீ. என்று எடுத்தால் அதுவே 200 ஆகிவிடும். 45 மி.மீ. ஷாஃப்ட் 1000 சுற்றில் ஓடினால் வெறும் 32. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு!

"அப்புறம் என்ன, 1000-க்கு மாத்திட்டா முடிஞ்சுதே" என்று தோணும். பெரிய இயந்திரங்களில் அதுதான் சரியான முதல் படி, ஒத்துக்கிறேன். ஆனால் இது கணக்கின் பாதிதான். ஷாஃப்ட் நேர்கோட்டில் நின்றபடி சுற்றுவதாக அந்த ஃபார்முலா நினைத்துக்கொள்கிறது. வயலில் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், இயந்திரம் இன்னொரு பக்கம் சாயும், நடுவில் குழி வரும். ஷாஃப்டைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கோணம்தான்.

கோணம் என்கிற மெதுவான விஷம்

யுனிவர்சல் ஜாயின்ட் பற்றி தியரி ஆஃப் மெஷின்ஸில் படித்திருப்பீங்க. உள்ளே போகிற சுழற்சி சீராக இருந்தாலும், கோணம் இருந்தால் வெளியே வருகிற சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். குறைந்தபட்சம் காஸ் கோணம், அதிகபட்சம் அதன் தலைகீழ். 10 டிகிரியில் 540 என்பது 532-க்கும் 548-க்கும் நடுவில் ஆடும். பரவாயில்லை. 30 டிகிரியில் 468-க்கும் 624-க்கும் நடுவில் ஆடும். ஒரு நொடிக்கு 18 தடவை.

இரண்டு முனையிலும் ஜாயின்ட் வைத்து, இரண்டு கோணமும் சமமாக, யோக் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும் என்று படித்தோம். உண்மைதான். ஆனால் இரண்டு விஷயம் கவனிங்க. ஒன்று, ரத்தாவது கடைசி முனையில் மட்டும்தான். நடுவில் இருக்கும் குழாய் இன்னமும் துடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தத் துடிப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 540-லிருந்து 1000-க்குப் போனால் 3.4 மடங்கு. அதனால்தான் 1000 சுற்றில் அனுமதிக்கப்படும் கோணம் குறைவு. தடிமனில் லாபம் பார்த்த இடத்தில் கோணத்தில் நஷ்டம் வருது பாருங்க. இரண்டாவது, வயல் முனையில் வண்டி திரும்பும்போது இரண்டு கோணமும் சமமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதனால் பின்னால் இழுத்துப்போகும் அறுவடை இயந்திரத்துக்கு, டிராக்டர் பக்கத்தில் அகலக்கோண கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயின்ட் வைப்பதுதான் சரி. விலை அதிகம், எடை அதிகம். ஆனால் இன்னொரு முனையில் இருக்கும் சாதாரண ஜாயின்டின் கோணம் சிறியதாகவே இருக்கும்படி இயந்திரத்தின் இணைப்புக் கம்பியை அமைக்கணும். இதை மறந்தால் செலவு செய்ததே வீண்.

இன்னொரு வேடிக்கை. கோணம் பூஜ்யமாக இருந்தாலும் நல்லதில்லை! ஜாயின்டின் சிலுவைக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் முழுசாகச் சுற்றுவதில்லை, கோணத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைகின்றன. கோணமே இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று ஒரே தழும்பைப் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று டிகிரி இருந்தால் கிரீஸ் பரவும், ஊசிகளும் பிழைக்கும்.

சறுக்காத குழாய்

ஷாஃப்டின் நடுவில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். வண்டி திரும்பும்போது நீண்டு சுருங்குவதற்காக. டார்க் ஏறியிருக்கும்போது இது அவ்வளவு சுலபமாகச் சறுக்காது. குழாயின் சராசரி ஆரம் 25 மி.மீ. என்றால், 1061 நியூட்டன்-மீட்டர் டார்க் அங்கே 42 கிலோநியூட்டன் அழுத்தமாக மாறும். நல்ல கிரீஸ் இருந்து உராய்வுக் குணகம் 0.1 என்றால், சறுக்க 4.2 கிலோநியூட்டன் வேண்டும். கிரீஸ் வற்றி, களிமண் புகுந்து அது 0.3 ஆனால், 12.7 கிலோநியூட்டன். அதாவது 1300 கிலோ எடை அளவு விசை டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையும் இயந்திரத்தின் கியர்பாக்ஸையும் நேராக இடிக்கும். பேரிங் போகும்போது எல்லோரும் பேரிங்கைத் திட்டுவார்கள். குற்றவாளி குழாயில் இல்லாத கிரீஸ்.

குழாயை நீளத்துக்கு வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். வேலை செய்யும் நிலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்கணும். முழுக்கத் திரும்பும்போது முட்டி நிற்கவும் கூடாது. "கொஞ்சம் நீளமாவே விட்டுடலாம்" என்று விட்டால், முதல் திருப்பத்திலேயே முட்டும். எந்த 45 மி.மீ. ஷாஃப்டும் அதற்கு விடை சொல்லாது.

எது உடையணும் என்று நீங்களே முடிவு பண்ணுங்க

இனிதான் என் முக்கியமான வாதம். சக்தி போகிற பாதை ஒரு சங்கிலி மாதிரி. டிராக்டர் கியர்பாக்ஸ், பி.டி.ஓ., ஷாஃப்ட், இயந்திரத்தின் கியர்பாக்ஸ், செயின், சல்லடை. களிமண் சல்லடையை இறுக்கிப் பிடித்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகணும். ஷாஃப்டை மட்டும் இரட்டிப்பு பலமாக்கினால் உடைசல் நிற்காது, இடம்தான் மாறும். பத்து நிமிஷத்தில் மாற்றக்கூடிய பொருளுக்குப் பதில், பத்து நாள் காத்திருக்க வேண்டிய கியர்பாக்ஸ் உடையும். மழை இடைவெளி இரண்டு நாள்தான் என்பதை மறந்துடாதீங்க.

ஆகவே ஷாஃப்டைத் தேர்வு செய்வது என்றால் முதலில் கிளட்சைத் தேர்வு செய்வது. என்னென்ன இருக்கு?

ஷியர் போல்ட்: மலிவு. கணக்கும் சுலபம். 60 மி.மீ. ஆரத்தில் 8 மி.மீ. தண்டுள்ள 8.8 கிரேட் போல்ட் ஒன்று இருந்தால், இழுவலிமையில் 60 சதவீதம் ஷியர் வலிமை என்ற தோராயத்தில் 1450 நியூட்டன்-மீட்டர் அளவில் அறுந்துவிடும். நம் 1061-க்கு இது நல்ல காவல். ஆனால் களிமண்ணில் இது ஒரே நாளில் பல தடவை அறும். சேற்றில் குனிந்து மாற்றி மாற்றி சலித்துப்போன ஆபரேட்டர், கையில் கிடைக்கும் 12.9 கிரேட் போல்ட்டைப் போட்டு முடுக்குவார். காவல் 2170-க்கு ஏறிவிட்டது. பார்வைக்கு ஒரே மாதிரி போல்ட்தான். அடுத்து உடையப்போவது என்ன என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரை அந்த நிலைக்குத் தள்ளியது நம் தேர்வு.

உராய்வு கிளட்ச்: வழுக்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரோட்டவேட்டர் மாதிரி வருஷத்தில் பல தடவை ஓடும் கருவிக்கு நல்லது. உருளைக்கிழங்கு இயந்திரமோ வருஷத்தில் சில வாரம்தான் ஓடும், மீதி மாதங்கள் ஷெட்டில் நிற்கும். ஈரத்தோடு நிற்கும்போது தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சீசன் தொடங்கும் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, வழுக்கவிட்டு, மறுபடி அளவுக்கு முடுக்கணும். செய்யாவிட்டால் அது கிளட்ச் இல்லை, வெறும் கப்ளிங்.

ராட்செட் கிளட்ச்: அளவு மீறினால் டரடரவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சத்தம் கேட்டும் நிறுத்தாமல் ஓட்டினால் ஒவ்வொரு 'டர்'ரும் ஓர் அடி.

கேம் கட்-அவுட் கிளட்ச்: அளவு மீறியதும் இணைப்பையே விட்டுவிடும். பி.டி.ஓ.-வை நிறுத்தி மெதுவாக மறுபடி இணைத்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும். மாற்ற வேண்டிய போல்ட் இல்லை, சேற்றில் குனிய வேண்டியதும் இல்லை.

களிமண்ணில் ஓடும் கிழங்கு இயந்திரத்தின் பிரதான ஷாஃப்டுக்கு என் ஓட்டு கடைசி வகைக்குத்தான். விலை கூட. ஆனால் மனுஷனின் சலிப்பையும் கணக்கில் எடுத்த டிசைன் அது.

"ஹைட்ராலிக் மோட்டார் போட்டா இந்தத் தொல்லையே இல்லையே" என்று ஒரு கேள்வி வரும். தானே ஓடும் பெரிய அறுவடை இயந்திரங்களில் அப்படித்தான் போகிறார்கள். ரிலீஃப் வால்வே கிளட்ச் மாதிரி வேலை செய்யும், வேகத்தையும் மாற்றலாம். ஆனால் சக்தியில் கணிசமான பங்கு எண்ணெயில் சூடாகப் போகும், விலையும் ஏறும். ஜாயின்ட் போட்ட ஷாஃப்டில் அந்த இழப்பு மிகக் குறைவு. டிராக்டர் பின்னால் இழுக்கும் இயந்திரங்கள் இருக்கும் வரை ஷாஃப்டும் இருக்கும்.

கார்டு என்பது ஆக்சஸரி கிடையாது

இதுவரை சொன்னதெல்லாம் இரும்பைப் பற்றி. இனி உடம்பைப் பற்றி.

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. யோக்கின் விட்டம் 100 மி.மீ. என்றால், அதில் சிக்கிய துணி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 3 மீட்டர் சுற்றப்படும். 1000 சுற்றில் 5 மீட்டருக்கு மேல். கையை இழுத்துக்கொள்ள யாருக்கும் நேரம் கிடையாது. அதற்காகத்தான் ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் குழாயும் இரண்டு முனையில் கூம்பும் போட்டு, அது கூடவே சுற்றாமல் இருக்க ஒரு சின்னச் சங்கிலியால் கட்டுகிறார்கள்.

களிமண் வயலில் முதலில் பழுதாவது இந்த கார்டுதான். அதன் பேரிங்கில் சேறு காய்ந்து இறுகும். கார்டும் ஷாஃப்டோடு சுற்றத் தொடங்கும். சங்கிலி அறும். கிரீஸ் நிப்பிள் கார்டுக்குள் ஒளிந்திருந்தால், கிரீஸ் அடிக்க ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றணும். நாலு நாள் கழற்றி மாட்டுவார்கள், ஐந்தாவது நாள் மாட்ட மாட்டார்கள். ஆக, உழைக்கும் ஷாஃப்ட் என்று தேடும்போது, கார்டைக் கழற்றாமலே கிரீஸ் அடிக்க வழி இருக்கா, கிரீஸ் இடைவெளி எத்தனை மணி நேரம், கார்டு மட்டும் தனியாக வாங்கிப் போட முடியுமா என்று பார்க்கணும். ஷாஃப்டின் ஆயுளும் ஆபரேட்டரின் ஆயுளும் அதே நிப்பிளில்தான் இருக்கு.

நெதர்லாந்து நமக்கு ரொம்ப தூரம் என்று நினைக்காதீங்க. தஞ்சாவூர் வயலில் ரோட்டவேட்டரைச் சுற்றுவதும் அதே 540 சுற்று, அதே 35 மி.மீ., அதே 6 ஸ்ப்ளைன். டெல்டா களிமண்ணும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் ஒட்டுவதில் யாருக்கும் சளைத்தவை அல்ல. கூடவே நம் ஊரில் வேட்டி, துண்டு, சேலை வேற.

சரி, வரிசை என்ன?

என்னைக் கேட்டால் இப்படித்தான் தேர்வு செய்யணும். முதலில் கோணம்: வண்டி அதிகபட்சம் எவ்வளவு திரும்பும், ஜாயின்ட் எந்த வகை. அடுத்து நீளம்: நேராக ஓடும்போதும் முழுக்கத் திரும்பும்போதும் எவ்வளவு உள்ளே இருக்கும். மூன்றாவது கிளட்ச்: எந்த டார்க்கில், எந்த மாதிரி விட்டுக்கொடுக்கும். நான்காவது கிரீஸும் கார்டும். ஐந்தாவதாக, கிளட்ச் விடுகிற அந்த டார்க்கைத் தாங்கும் தடிமன். இப்ப டேட்டா புக்கைத் திறங்க. அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் முதல் நாலு கேள்விக்கும் பதில் இல்லாமல் அதைத் திறந்தால், தப்பான எண்ணுக்குச் சரியான விடை கிடைக்கும்.

பிறகு ஓட்டுகிறவரோடு பேசுங்க. இன்ஜின் வேகத்தைக் குறைத்து வைத்து பி.டி.ஓ.-வைப் போடுறாரா, சல்லடையைக் காலி பண்ணிட்டு நிறுத்துறாரா, திரும்பும்போது சுழற்சியை நிறுத்துறாரா? இந்த மூன்று பழக்கமும் ஒரு சைஸ் பெரிய ஷாஃப்டைவிட அதிகமாக உழைக்கும். காசும் ஆகாது.

அடுத்த டிசைன் பேப்பரிலோ, ஃபைனல் இயர் பிராஜெக்டிலோ ஷாஃப்ட் டிசைன் செய்யும்போது, விடைக்குக் கீழே அந்த இரண்டு கோடு போடும் முன் ஒரு வரி மட்டும் சேர்த்து எழுதிப் பாருங்க: இந்த ஷாஃப்டுக்கு முன்னால் எது உடையும், அதை யார், எங்கே நின்று, எத்தனை நிமிஷத்தில் மாற்றுவார்? மார்க் கூடுதலாகக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த வரிக்குப் பதில் தெரிந்தவர் டிசைன் பண்ணிய மெஷினை நம்பி நான் வயலில் இறங்குவேன்.